ஆன்லைன் தெரபி: எதை முதலில் செய்வது, எங்கே சறுக்கும்

மனஅழுத்தம், பதற்றம், வேலை, உறவு, தூக்கம் என்று எதற்காக வந்தாலும், புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். ஆப்பை இறக்குகிறார்கள், சலுகை விலையில் பத்து அமர்வுக்குப் பணம் கட்டுகிறார்கள், கிடைத்த நேரத்தில் கிடைத்தவரிடம் பேசுகிறார்கள். என்ன பிரச்சினை, யார் பொருத்தம், வீட்டில் எந்த மூலையில் உட்கார்ந்து பேசுவது என்ற யோசனையெல்லாம் அதற்குப் பிறகுதான் வருகிறது. மூன்றாவது அமர்வோடு "இது நமக்குச் சரிப்படாது" என்று விட்டுவிடுகிறவர்கள் பலருக்கும் சிக்கல் இந்த வரிசையில்தான் இருக்கிறது. கீழே உள்ள படிகளை எண் வரிசையிலேயே செய்யுங்கள். முதல் மூன்றுக்கும் தெரபிக்குப் பணம் கட்டவோ ஆப்பை இறக்கவோ தேவையில்லை.

1. இது திரை வழியாகத் தீர்க்கக்கூடியதா?

வேலை அழுத்தம், ஓயாத கவலை, பீதித் தாக்கு, நாலு பேர் முன் பேச பயம், தூக்கமின்மை, பிரிவு, இழப்பு, லேசான அல்லது நடுத்தர மனச்சோர்வு ஆகியவற்றுக்கு வீடியோ வழித் தெரபி போதும். சிலவற்றுக்குப் போதாது.

- சாக வேண்டும் என்ற எண்ணம் திட்டமாக மாறிவிட்டால்: உடனே அவசர உதவி எண், அல்லது மருத்துவமனை. ஆப்பில் பதிவு செய்துவிட்டு மறுநாள் பதிலுக்குக் காத்திருக்கும் விஷயம் இல்லை இது.
- இல்லாத குரல்கள் கேட்பது, பல நாள் தூக்கமே இல்லாமல் அதீத வேகத்தில் இருப்பது: நேரில் மனநல மருத்துவர்.
- தினமும் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்துவது: வலிப்பு வரலாம். மருத்துவக் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும்.
- சாப்பாட்டைத் தவிர்த்து எடை வேகமாகக் குறைவது: எடையும் நாடித்துடிப்பும் ரத்தமும் பார்க்கப்பட வேண்டும். கேமராவில் அது முடியாது.
- உங்களை அடிப்பவரோ கண்காணிப்பவரோ அதே வீட்டில் இருப்பது: பேச்சு அவர் காதில் விழுந்தால் ஆபத்து கூடும். வீட்டுக்கு வெளியே, பாதுகாப்பான இடத்தில் தொடங்குங்கள்.

இதோடு ஒருமுறை பொது மருத்துவரையும் பாருங்கள். படபடப்பு, கைநடுக்கம், வியர்வை, தூக்கக் குறைவு எல்லாம் தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் வரும். ரத்தசோகையிலும் இதயத்துடிப்புக் கோளாறிலும்கூட இவற்றில் சில வரும். சில ஆஸ்துமா மருந்துகளும் மூக்கடைப்பு மாத்திரைகளும் அளவுக்கு மிஞ்சிய காபியும் இதையே செய்யும். தைராய்டை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்காமல் ஆறு மாதம் சிந்தனைப் பயிற்சி செய்து பயனில்லை. முதன்முறையாக வரும் நெஞ்சுவலியை 'பதற்றம்தான்' என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

2. தொடக்க அளவை எடுத்து வையுங்கள்

பதற்றத்துக்கு ஜிஏடி-7, மனச்சோர்வுக்கு பிஎச்க்யூ-9 என்ற இரண்டு கேள்வித்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலாவதில் 7 கேள்விகள், இரண்டாவதில் 9. கடந்த 2 வாரங்களில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போட வேண்டும். இரண்டும் சேர்ந்து ஐந்து நிமிட வேலை.

ஜிஏடி-7-இல் 5 முதல் லேசானது, 10 முதல் நடுத்தரம், 15 முதல் கடுமை, மொத்தம் 21. பிஎச்க்யூ-9-இல் மொத்தம் 27. 20-ஐத் தொட்டால் கடுமையான மனச்சோர்வைக் காட்டுகிறது. அதன் 9-ஆவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்தும் எண்ணம் பற்றியது. அதற்கு 0 தவிர வேறு எதைப் போட்டாலும் மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி, முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

மதிப்பெண் நோயின் பெயரைச் சொல்லாது. எங்கிருந்து கிளம்புகிறீர்கள் என்று மட்டும் காட்டும். தேதியோடு எழுதி வையுங்கள். இரண்டு மாதம் கழித்து 'ஏதாவது மாறியதா?' என்ற கேள்விக்கு ஞாபகத்தை நம்ப முடியாது. மோசமான ஒரு நாள் முந்தைய நல்ல வாரங்களை அழித்துவிடும். பலர் செய்யும் தவறு, மிக மோசமான இரவில் உட்கார்ந்து இதை நிரப்புவது. கேள்வி அந்த இரவைப் பற்றியது இல்லை, 14 நாட்களைப் பற்றியது.

3. நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"டென்ஷன் குறையணும்" என்பது நோக்கமாகாது. குறைந்ததா என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. மூன்று கேள்விகளுக்கு விடை எழுதினால் உருப்படியான வாக்கியம் கிடைக்கும்: எந்தச் சமயத்தில் வருகிறது? அதனால் எதைத் தவிர்க்கிறேன்? மூன்று மாதம் கழித்து எதைச் செய்ய முடிந்தால் போதும்?

உதாரணம்: "அலுவலகக் கூட்டத்தில் பேச வேண்டும் என்றால் முந்தைய இரவே தூக்கம் போய்விடுகிறது. நாலு மாதமாக ஏதாவது காரணம் சொல்லித் தப்பிக்கிறேன். வாரக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசிவிட்டு வர வேண்டும்." எந்த முறை, எந்த மாதிரி தெரபிஸ்ட் என்பதெல்லாம் இந்த மூன்று வரியிலிருந்தே தெளிவாகும்.

பிரச்சினை ஐந்து இருந்தால் ஐந்தையும் எழுதுங்கள், ஆனால் ஒன்றை வட்டமிடுங்கள். ஒவ்வொரு வாரமும் வேறொன்றைப் பேசிக்கொண்டிருந்தால் எதுவும் முடிவுக்கு வராது.

4. யாரிடம் போவது

மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மதிப்பீடும் பேச்சுச் சிகிச்சையும் செய்வார், பெரும்பாலான இடங்களில் மருந்து எழுத மாட்டார். ஆலோசகர் அன்றாடச் சிக்கல்கள், உறவு, இழப்பு போன்றவற்றில் உதவுவார். இவர்களின் பயிற்சி ஆளுக்கு ஆள் வெகுவாக வேறுபடும். 'லைஃப் கோச்' மனநலச் சிகிச்சையாளர் இல்லை. பல நாடுகளில் கவுன்சலர், கோச் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம் என்பதால் பட்டத்தை மட்டும் நம்பிவிட வேண்டாம்.

பதிவு எண்ணைக் கேளுங்கள். அதை ஆப்பின் சுயவிவரப் பக்கத்தில் பார்த்துத் திருப்தி அடையாமல், பதிவு செய்த கவுன்சிலின் சொந்தத் தளத்தில் தேடிப் பாருங்கள். அந்த உரிமம் *நீங்கள்* இருக்கும் ஊருக்குச் செல்லுமா என்றும் கேளுங்கள். பல நாடுகளில் தெரபிஸ்ட் இருக்கும் இடம் மட்டும் போதாது. அமர்வின்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதும் சட்டத்தின் கணக்கில் வரும். வெளிநாட்டுப் பயணத்தின்போது அமர்வு தடைபடுவதற்கு இதுவே காரணமாக அமைவதுண்டு.

அடுத்து முறை. பதற்றம், பீதி, கவலைக்கு அதிகம் ஆராயப்பட்டது சிபிடி எனும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. திரும்பத் திரும்பக் கழுவுவது, சரிபார்ப்பது போன்ற ஓசிடி பிரச்சினைக்கு இஆர்பி (பயத்தை எதிர்கொண்டு, கழுவாமலும் சரிபார்க்காமலும் இருந்து பழகும் முறை) தெரிந்தவரே வேண்டும். வெறுமனே ஆறுதல் சொல்பவரிடம் போனால் அந்த ஆறுதலே இன்னொரு சரிபார்ப்பாகிப் பிரச்சினை வளரும்.

மொழியையும் யோசியுங்கள். உங்களுக்குக் கோபம் எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழி புரிகிறவர் நல்லது. அலுவலக மொழியில் பேசினால் எல்லாம் அறிக்கை மாதிரி ஒழுங்காக வந்துவிழும், அழுகை வராது.

5. வீடியோவா, குரலா, எழுத்தா?

சந்தேகம் இருந்தால் வீடியோ. முகமும் மூச்சும் தெரிவதால் தெரபிஸ்ட்டுக்குக் கிடைக்கும் தகவல் அதிகம். முகம் காட்டக் கூச்சம் அதிகமென்றால் முதல் ஒன்றிரண்டு அமர்வு குரலில் பேசிவிட்டுப் பிறகு மாறலாம். எழுத்து உரையாடல் யோசித்துப் பேச வசதி, ஆனால் வேகம் குறைவு. பதில் வரும் வரை காத்திருப்பது கவலைப்படும் மனசுக்குத் தனி வேதனை.

பாடம் பாடமாகச் செல்லும் சுயபயிற்சித் திட்டங்களும் உண்டு. வாரம் ஒருமுறையாவது ஒரு மனிதர் பார்த்துப் பதில் சொல்லும் திட்டத்தையே எடுங்கள். யாரும் கேட்காத திட்டத்தைப் பாதியில் விடுகிறவர்கள் அதிகம். சாட்பாட் குறிப்பெழுத உதவலாம், ஆனால் நெருக்கடியில் பொறுப்பேற்க அங்கே ஆள் இல்லை.

6. முதல் செய்தியும் அறிமுகப் பேச்சும்

முதல் செய்தியில் வாழ்க்கை வரலாறு வேண்டாம். இவ்வளவு போதும்:

"வணக்கம். கூட்டத்தில் பேச வேண்டிய சமயங்களில் கடும் பதற்றம், நாலு மாதமாக. ஜிஏடி-7 மதிப்பெண் 13. தைராய்டு பரிசோதனை சரியாக உள்ளது. மருந்து எதுவும் எடுக்கவில்லை. சிபிடி முறையில் வீடியோ வழியாகப் பார்க்க விரும்புகிறேன். மாலை 6 மணிக்கு மேல் வசதி. உங்களிடம் இடம் இருக்கிறதா?"

பலரும் 10 முதல் 15 நிமிட அறிமுகப் பேச்சுக்கு நேரம் தருவார்கள். அதில் கேட்க வேண்டியவை: என் மாதிரிப் பிரச்சினையில் வழக்கமாக என்ன செய்வீர்கள்? எத்தனை அமர்வுக்குப் பிறகு முன்னேற்றத்தைப் பார்ப்போம்? அமர்வு பதிவு செய்யப்படுமா? நான் எழுதும் செய்திகளை நிறுவனத்தில் வேறு யார் பார்க்க முடியும்? இடையில் நெருக்கடி வந்தால் என்ன ஏற்பாடு?

"முதல் இரண்டு அமர்வு மதிப்பீடு, பிறகு பயந்த சூழலைச் சிறிது சிறிதாக எதிர்கொள்வோம், ஆறாவது அமர்வில் பார்ப்போம்" என்பது நல்ல பதில். "நீங்கள் வாங்க, பேசலாம், எல்லாம் சரியாகிவிடும்" என்பது பதிலே இல்லை. குணமாகும் என்று உத்தரவாதம் தருபவரைத் தவிர்த்துவிடுங்கள்.

பத்து அமர்வுத் தொகுப்பை முதல் நாளே வாங்காதீர்கள். பணம் கட்டிவிட்டோமே என்பதற்காகப் பொருந்தாதவரிடம் தொடர்கிறவர்கள் நிறைய. முதலில் ஒன்று, அதிகபட்சம் நான்கு. எத்தனை மணி நேரத்துக்கு முன் சொன்னால் ரத்து செய்யலாம் என்பதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். 24 மணி, 48 மணி என்பவை பொதுவானவை.

7. இடமும் கருவியும்

இதை அமர்வுக்கு முந்தைய நாளே முடித்துவிட வேண்டும். அழைப்பு தொடங்கிய பிறகு மைக்கைத் தேடினால் 50 நிமிடத்தில் பத்து போய்விடும்.

- கதவு மூடும் அறை. வெளியே மின்விசிறியோ வானொலியோ ஓடட்டும். சத்தத்தை உங்கள் அறைக்குள் வைப்பதைவிடக் கதவுக்கு வெளியே வைத்தால்தான் பேச்சு மறையும்.
- வீட்டில் உள்ளவர்களிடம் 'ஒரு மணி நேரம் மீட்டிங், கூப்பிட வேண்டாம்' என்று சொன்னால் போதும். விவரம் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை.
- ஹெட்போன் கட்டாயம். நீங்கள் பேசுவது வெளியே கேட்டாலும், தெரபிஸ்ட் கேட்கும் கேள்விகள் கேட்காது.
- போனைக் கையில் பிடிக்காதீர்கள். கண் மட்டத்தில் நிறுத்தி, வெளிச்சம் முகத்துக்கு முன்னால் வரும்படி உட்காருங்கள். ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் கறுத்துத் தெரியும்.
- இணையம் பதிவேற்ற, பதிவிறக்க இரண்டிலும் 2 எம்பிபிஎஸ் சீராக வந்தால் போதும். பலர் பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்ப்பார்கள். உங்கள் முகம் அந்தப் பக்கம் உறைந்து நிற்பது பதிவேற்றம் குறைவதால்.
- திரையில் உங்கள் முகம் உங்களுக்கே தெரிவதை மறைத்துவிடுங்கள். கூச்சம் உள்ளவர்கள் அமர்வு முழுக்கத் தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.
- மற்ற ஆப்களின் அறிவிப்புகளை நிறுத்துங்கள். அலுவலகம் கொடுத்த லேப்டாப், அலுவலக மின்னஞ்சல் வேண்டாம். அவற்றைக் கண்காணிக்கும் வசதி நிறுவனத்திடம் இருக்கலாம்.

அறையே கிடைக்காதவர்களுக்கு நிறுத்தி வைத்த கார் நல்ல இடம். ஓட்டிக்கொண்டே பேசுவது கூடாது. யாராவது திடீரென்று உள்ளே வந்தால் சொல்வதற்கு ஒரு சாதாரண வாக்கியத்தை முன்கூட்டியே தெரபிஸ்ட்டோடு பேசி வையுங்கள்: "அந்தப் பைலை நாளைக்கு அனுப்புறேன்" என்றால் அவர் பேச்சை நிறுத்திவிட வேண்டும். இணைப்பு அறுந்தால் யார் யாரைக் கூப்பிடுவது, எத்தனை நிமிடம் காத்திருப்பது என்பதையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

8. முதல் அமர்வு

பெரும்பாலும் கேள்விகளாகவே போகும்: தூக்கம், உடல்நலம், மருந்து, குடும்பம், முன்பு சிகிச்சை எடுத்ததுண்டா என்று. 'தெரபியே ஆரம்பிக்கவில்லையே' என்று நினைக்க வேண்டாம். இது இல்லாமல் அவர் கொடுக்கும் பயிற்சி ஊகமாகத்தான் இருக்கும்.

நீங்கள் இப்போது எந்த முகவரியில் இருக்கிறீர்கள், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்றும் கேட்பார். பலர் இங்கே தயங்குகிறார்கள். நீங்கள் மயங்கி விழுந்தாலோ உயிருக்கு ஆபத்து என்றாலோ உதவி அனுப்ப அவருக்கு வேறு வழியில்லை. இதைக் கேட்காதவரிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ரகசியம் காப்பதன் எல்லையையும் அவர் சொல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குக் கொடுமை போன்றவற்றில் அவர் வெளியே சொல்லக் கடமைப்பட்டிருக்கலாம்.

மனதில் உள்ள பழைய காயத்தையெல்லாம் முதல் நாளே கொட்டாதீர்கள். அமர்வு முடிந்ததும் லேப்டாப்பை மூடினால் அடுத்த நொடி நீங்கள் உங்கள் அறையில் தனியாக இருப்பீர்கள். நேரில் போனால் வீடு திரும்பும் வழியில் மனசு ஆறக் கிடைக்கும் நேரம் இங்கே இல்லை. அதனால் அமர்வுக்குப் பின் 15 நிமிடம் எதையும் வைக்காதீர்கள். வெளியே நடந்துவிட்டு வந்து மூன்று வரி எழுதுங்கள்: என்ன பேசினோம், எது உறுத்தியது, இந்த வாரம் என்ன செய்ய வேண்டும்.

9. இடைப்பட்ட ஆறு நாட்கள்

வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் தெரபி ஒரு மணி நேரம்கூட இல்லை. பயிற்சி செய்யாமல் அமர்வுக்கு மட்டும் வருகிறவர்களுக்குப் பேசிய அன்று லேசாக இருக்கும், இரண்டு நாளில் பழையபடி ஆகிவிடும்.

பதற்றத்தைத் தாங்கிப் பிடித்திருப்பது தவிர்த்தல். கூட்டத்துக்குப் போகாமல் இருந்தால் அந்த நிமிடமே நிம்மதி கிடைக்கிறது. 'தப்பித்ததால்தான் பிழைத்தோம்' என்று மனசு கற்றுக்கொள்கிறது. அடுத்த கூட்டம் இன்னும் பயமாகிறது. இதை உடைக்கத்தான் ஏணிப் பயிற்சி. பயத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்புக் கொடுத்து அடுக்குங்கள்:

- நம்பும் நண்பரிடம் அறிக்கையைப் படித்துக் காட்டுவது: 30
- கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்பது: 45
- தயாரித்த ஒரு நிமிடப் பேச்சு: 60
- ஐந்து நிமிடம் பேசி, கேள்விக்கும் பதில் சொல்வது: 85

30-40 அளவில் தொடங்குங்கள். ஒரு படியை ஒருமுறை செய்துவிட்டு மேலே தாவாதீர்கள். வாரத்தில் பல முறை செய்யுங்கள். செய்வதற்கு முன் 'என்ன நடந்துவிடும் என்று பயப்படுகிறேன்' என்பதை எழுதுங்கள் ("குரல் நடுங்கும், எல்லோரும் சிரிப்பார்கள்"). செய்த பிறகு நடந்ததை அதன் பக்கத்தில் எழுதுங்கள் ("குரல் நடுங்கியது. யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்"). பயிற்சியின் பலன் அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான் இருக்கிறது. பதற்றம் பூஜ்யமாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இங்கே கண்ணில் படாத தவறு ஒன்று உண்டு. கூட்டத்துக்குப் போவார்கள், ஆனால் தண்ணீர் பாட்டிலை இறுகப் பிடித்துக்கொண்டு, எழுதியதை வரிவரியாகப் படித்து, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல். போனது சரி, ஆனால் 'பாட்டில் இருந்ததால் பிழைத்தோம்' என்றே மனசு எடுத்துக்கொள்ளும். மூச்சுப் பயிற்சியும் இப்படி ஊன்றுகோலாகிவிடலாம். உங்கள் ஊன்றுகோல்கள் எவை என்று தெரபிஸ்ட்டிடம் சொல்லி, ஒவ்வொன்றாக விடுங்கள்.

ஆன்லைனின் உண்மையான லாபம் இந்தப் படியில்தான். பயம் எங்கே இருக்கிறதோ அங்கேயே தெரபிஸ்ட்டைக் கூட்டிப் போகலாம். கை கழுவிக்கொண்டே இருப்பவர் போனைச் சமையலறைக் குழாய்க்குப் பக்கத்தில் வைக்கலாம். வெளியே போக பயப்படுபவர் காதில் ஹெட்போனோடு தெருமுனை வரை நடக்கலாம். இதை யாரும் தானாகக் கேட்பதில்லை, கேளுங்கள்.

நாள் முழுக்கக் கவலை ஓடுகிறவர்களுக்குக் 'கவலை நேரம்' உதவும். தினமும் ஒரே நேரத்தில் 15-20 நிமிடம், படுக்கையில் இல்லாமல் நாற்காலியில். மற்ற நேரத்தில் வரும் கவலையை ஒரு வார்த்தையில் குறித்துவிட்டு அந்த நேரத்துக்குத் தள்ளுங்கள். தூங்கப் போவதற்குச் சற்று முன் இதை வைக்காதீர்கள்.

பயிற்சி செய்ய முடியாமல் போனாலும் அமர்வை ரத்து செய்யாதீர்கள். ஏன் முடியவில்லை என்பதுதான் அந்த வாரத்தின் பாடம். பெரும்பாலும் ஏணியின் முதல் படி உயரமாகப் போட்டிருப்பீர்கள்.

10. நான்காவது, ஆறாவது அமர்வில் கணக்குப் பாருங்கள்

கேள்வித்தாள்களை மறுபடி நிரப்புங்கள். ஜிஏடி-7-இல் 4 புள்ளி, பிஎச்க்யூ-9-இல் 6 புள்ளி குறைந்திருந்தால் அது தற்செயல் ஏற்ற இறக்கத்தைத் தாண்டிய மாற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஏணிப் பயிற்சி தொடங்கிய வாரங்களில் மதிப்பெண் சற்று ஏறுவது சகஜம்.

எவ்வளவு காலம் என்பதற்கு ஒரு அளவுகோல்: சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், எதைப் பற்றியும் ஓயாமல் கவலைப்படும் 'பொதுவான பதற்றக் கோளாறு'க்கு வாரம் ஒன்று வீதம் 12 முதல் 15 அமர்வுகளும், பீதிக் கோளாறுக்கு மொத்தம் 7 முதல் 14 மணி நேரமும் என்று வைக்கிறது.

அசைவே இல்லையென்றால் சொல்லாமல் மறைந்துவிடாதீர்கள். "நாலு வாரம் பேசிவிட்டோம், மதிப்பெண் அப்படியே இருக்கிறது, எதை மாற்றலாம்?" என்று நேராகக் கேளுங்கள். நல்ல தெரபிஸ்ட் இதைக் குற்றச்சாட்டாக எடுக்க மாட்டார். முறையை மாற்றுவார், மருந்து பற்றிப் பேச மருத்துவரிடம் அனுப்புவார், அல்லது வேறொருவரைச் சொல்வார். தெரபிஸ்ட் அமர்வுக்கு அடிக்கடி தாமதமாக வருவது, தன் கதையைப் பேசுவது, மருந்தை நிறுத்தச் சொல்வது ஆகியவை உடனே மாறுவதற்கான காரணங்கள். மருந்தை எழுதியவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தவோ குறைக்கவோ கூடாது.

11. முடிப்பது

நோக்கத்தில் எழுதியதைச் செய்ய முடிந்ததும் இடைவெளியை அதிகரியுங்கள்: வாரம் ஒன்று, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று, பிறகு ஒரு மாதம். சட்டென்று நிறுத்தினால், வந்த முன்னேற்றம் உங்கள் பயிற்சியாலா அவர் துணையாலா என்று சோதித்துப் பார்க்க வாய்ப்பே இருக்காது.

கடைசி அமர்வில் சேர்ந்து ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதில் நான்கு விஷயம்: திரும்ப வருவதற்கான முதல் அறிகுறிகள் (உங்களுக்கு அது கூட்டத்துக்கு முன் சாக்கு தேடுவதாக இருக்கலாம்), உதவிய பயிற்சிகள், நெருக்கடியில் கூப்பிட வேண்டிய எண்கள், எந்த மதிப்பெண்ணைத் தொட்டால் மறுபடி நேரம் கேட்பது. மாதம் ஒருமுறை ஜிஏடி-7 நிரப்பப் போனில் நினைவூட்டல் வையுங்கள். மூன்று மாதம் கழித்து ஒரு மறுபார்வை அமர்வுக்கான தேதியை, இணைப்பைத் துண்டிக்கும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.